குண்டு விழுந்த இடமும் பந்து கிடக்கும் இடமும்

பந்து எங்கே கிடக்கிறதோ அங்கிருந்தே அடிக்க வேண்டும் என்பது கோல்ஃப் ஆட்டத்தின் ஆதார விதி. 1744-ல் எடின்பரோவை ஒட்டிய லீத் கடற்கரையில் ஆடிவந்த கனவான்கள் பதின்மூன்று விதிகளை எழுதிவைத்தார்கள். இன்று கிடைக்கும் கோல்ஃப் விதிகளில் மிகப் பழையவை அவை. அடிப்பதற்கு வசதி செய்துகொள்ளப் பந்தருகில் கிடக்கும் கல்லையோ எலும்பையோ அகற்றக்கூடாது என்று அவற்றில் ஒன்று சொல்கிறது. நல்ல புல்தரையில் மட்டும் சிறு விலக்கு உண்டு. எலும்பு எப்படி அங்கே வந்தது என்று கொஞ்சம் யோசித்தால் அந்த நிலத்தின் தன்மை புரிந்துவிடும். ஆடு மாடு மேய்கிற, செத்தால் கிடந்து மக்குகிற, ஊருக்குப் பொதுவான மணல்வெளி அது.

இந்த விதி ஆட்டத்தை விட்டு வெளியே வந்து வெகுகாலமாக ஒரு ஞானவாக்கியமாக உலவிவருகிறது. வாழ்க்கை உன்னை எங்கே போட்டதோ அங்கிருந்தே ஆரம்பி, முறையிடாதே, சலுகை கேட்காதே என்ற அர்த்தத்தில். பிரசங்கிகளுக்கும் நிர்வாகப் பயிற்சி தருகிறவர்களுக்கும் இது மிகவும் பிடித்துப்போயிருக்கிறது. இதில் உண்மையான ஒரு தார்மீகக் கண்டுபிடிப்பு இருப்பதாகவே நினைக்கிறேன். கூடவே ஒரு மோசடியும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்ப்பது ஸ்காட்லாந்துக்காரனைவிடக் கடலூர்க்காரனுக்குச் சுலபம். ஏனென்றால், எறியப்பட்டது எங்கே விழுந்தது என்பதை வைத்து எங்கள் ஊரிலும் ஒரு காரியம் நடந்திருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

கோல்ஃப் மட்டையை நான் தொட்டதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கல்லூரி நூலகத்தில் வோட்ஹவுஸின் கோல்ஃப் கதைகள், பிறகு தொலைக்காட்சி, பிறகு விதிப்புத்தகம் என்ற அளவில்தான் என் பரிச்சயம். ஒரு விதியின் தார்மீகத்தைப் பற்றிப் பேச இது போதும்.

ஸ்காட்லாந்தின் கடலோர ஆட்டவெளிகளை லிங்க்ஸ் என்கிறார்கள். ‘இணைப்பு’ என்று பலர் பொருள் சொல்வார்கள். சொல்லின் மூலம் அதுவல்ல. மேடு, கரை என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல் ஒன்றிலிருந்து வந்தது. கடலுக்கும் உழுநிலத்துக்கும் நடுவே அலையலையாகக் கிடக்கும் மணல்மேட்டு நிலம். உழ முடியாது, உப்புக்காற்று எதையும் வளரவிடாது, வரி விதித்தால் வசூலாகாது. நம் தாலுகா அலுவலக மொழியில் சொன்னால் புறம்போக்கு. கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு ரயிலில் போகிறவர்களுக்கு ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டும்போது சவுக்குத் தோப்புகள் தெரியும். அந்தத் தோப்புகளுக்கு அப்பால், தேவனாம்பட்டினம் தொடங்கிச் சாமியார்பேட்டை, பரங்கிப்பேட்டை வரை விட்டுவிட்டுக் கிடப்பது இதே ஜாதி நிலம்தான். அங்கே மாரம் என்ற புல் மணலைப் பிடித்து நிறுத்துகிறது. இங்கே அடப்பங்கொடியும் ராவணன் மீசையும். ராவணன் மீசையின் காய்ந்த கதிர்க்கொத்து பந்தளவு உருண்டையாக ஒடிந்து, காற்று அடிக்கும் திக்கில் மணலில் உருண்டு ஓடும். அதைத் துரத்தாத கடற்கரைப் பிள்ளைகள் கிடையாது. ஆட்டத்துக்கு வேண்டிய அத்தனையும் இங்கேயும் இருந்தது, மட்டையைத் தவிர.

செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரின் பழைய ஆட்டவெளியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1457-ல் ஸ்காட்லாந்துப் பார்லிமெண்ட் இந்த ஆட்டத்தைத் தடைசெய்தது. குடிகள் வில்வித்தைப் பயிற்சியை விட்டுவிட்டுப் பந்தடிக்கப் போகிறார்களாம். தடை எடுபடவில்லை. 1552-ல் பேராயர் ஹாமில்டனுக்கு அந்த மணல்வெளியில் முயல் வளர்க்க ஊரார் அனுமதி தந்தபோது, தாங்கள் அங்கே ஆடுவதற்கும் கால்நடை மேய்ப்பதற்குமான உரிமையை எழுத்தில் வாங்கிக்கொண்டார்கள். 1797-ல் ஊராட்சி கடனில் மூழ்கி நிலத்தை விற்றது. வாங்கியவர்கள் வியாபாரத்துக்காக முயல்களை விட்டார்கள். முயல் தோண்டிய வளைகளில் பந்து விழுந்தது. ஆட்டக்காரர்கள் முயல்களைக் கொன்றார்கள். நீதிமன்றத்திலும் மணலிலுமாக இந்தச் சண்டை 1821 வரை இழுத்தது. ஜேம்ஸ் சீப் என்ற நிலக்கிழார் நிலத்தை வாங்கியதும்தான் ஓய்ந்தது. 1894-ல் ஊர் தன் நிலத்தை மீண்டும் சொந்தமாக்கிக்கொண்டது. இன்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய வெளியில் ஆட்டம் கிடையாது. அன்று ஊர்க்காரர்கள் குழந்தைகளோடும் நாய்களோடும் அதில் நடக்கிறார்கள். உலகத்து ஆட்டக்காரர்களெல்லாம் ஒருமுறையாவது ஆட ஏங்கும் புல்வெளி, வாரத்தில் ஒருநாள் வெறும் ஊர்ப் பொதுவிடம்.

இதை யாரும் வடிவமைக்கவில்லை என்பது முக்கியம். காற்று மணலைக் குவித்தது. கடற்காற்றுக்குப் பயந்து ஆடுகள் மேட்டின் மறைவில் ஒதுங்கிப் படுத்துத் தேய்த்த பள்ளங்களே இப்போதைய மணற்குழிகள் என்று சொல்கிறார்கள். (தமிழில் ஆடுகள் படுப்பதும் கிடைதான், பந்து கிடப்பதையும் கிடை என்றே சொல்லலாம். இந்த ஆட்டத்துக்கு இவ்வளவு பொருத்தமான ஒரு சொல் ஆங்கிலத்தில்கூட இல்லை.) இருபத்திரண்டு குழிகளாக இருந்த ஆட்டம் 1764-ல் பதினெட்டாகச் சுருங்கியது, உலகம் முழுவதும் இன்று பதினெட்டு என்றிருப்பது அந்த ஊர்க்காரர்களின் ஒரு சௌகரிய ஏற்பாட்டின் விளைவு. கடலோரமாகப் போய் அதே வழியாகத் திரும்ப வேண்டும். போகும்போது முதுகைத் தள்ளிய காற்று திரும்பும்போது நெஞ்சில் அடிக்கும். காற்று நடுவில் மனம் மாறினால் இரண்டு வழியிலும் நெஞ்சில்தான். வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்குப் பெயர் வைத்திருக்கும் நம் மீனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2015-ல் அங்கே நடந்த ஓபன் போட்டியில், குழியருகே வைத்த பந்து வைத்த இடத்தில் நிற்காமல் காற்றில் நகர்ந்ததால் ஒருநாள் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆட்டத்தை நிறுத்த வேண்டியதாயிற்று.

அடித்த பந்து நல்ல இடத்தில்தான் விழும். கண்ணுக்குத் தெரியாத ஒரு திட்டு அதைப் பக்கவாட்டில் தள்ளிவிடும். பதினான்காவது குழிக்குப் போகும் வழியில் இருக்கும் மணற்பள்ளத்துக்கு நரகம் என்றே பெயர். இரண்டு பேர் ஒரே மாதிரி அடிக்கிறார்கள். ஒருவன் பந்து புல்லில் நிற்கிறது, மற்றவனுடையது நரகத்தில். மேல்முறையீடு இல்லை. அமெரிக்காவிலிருந்து பாபி ஜோன்ஸ் 1921-ல் பத்தொன்பது வயதில் இங்கே வந்து, பதினோராவது குழியருகே ஒரு மணற்பள்ளத்தில் அகப்பட்டுத் தடுமாறி, கோபத்தில் போட்டியிலிருந்தே விலகினார். 1927-ல் திரும்பி வந்து அதே வெளியில் பட்டம் வென்றார். பிறகு அவர் மிகவும் நேசித்த ஆட்டவெளி இதுதான்.

புல்டோசர் வைத்துச் சமன்செய்து, தண்ணீர் பாய்ச்சி வளர்த்த உள்நாட்டு மைதானங்களில் இந்த அநியாயம் குறைவு. சரியாக அடித்தால் சரியான இடத்தில் நிற்கும். நம் வாரப் பத்திரிகைக் கதைகள் மாதிரி. யார் எழுதினாலும் விழவேண்டிய இடத்தில் விழுந்து நிற்கும். வாசகனுக்கும் திருப்தி, எழுதியவனுக்கும் திருப்தி. மேட்டையும் பள்ளத்தையும் நிரவிய பிறகு கிடைக்கும் நேர்மை அது. அதன் பெயரில் ஒருவனுடைய திறமையைத்தான் அளக்க முடியும். அவன் யார் என்பதை அளக்க முடியாது.

தத்துவத்துக்கு வருவோம். விளையாட்டு என்பது அவசியமில்லாத தடைகளை நாமே விரும்பி ஏற்று அவற்றைக் கடக்க முயல்வது என்று பெர்னார்ட் சூட்ஸ் 1978-ல் வெளிவந்த தம் புத்தகத்தில் வாதிட்டார். பந்து குழிக்குள் போக வேண்டும் என்பது மட்டுமே நோக்கம் என்றால் கையில் எடுத்துக்கொண்டு போய்ப் போட்டுவிடலாம். மட்டையால்தான் அடிப்பேன் என்று ஒப்புக்கொள்வதில்தான் ஆட்டம் பிறக்கிறது. இந்த ‘ஒப்புக்கொள்வது’ என்ற சொல்லை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஹைடெக்கர் மனிதனை எறியப்பட்டவன் என்றார். எந்தக் காலத்தில், எந்த வீட்டில், எந்த ஜாதியில் பிறப்பது என்று யாரையும் யாரும் கேட்பதில்லை. கண் விழிக்கும்போது ஏற்கெனவே விழுந்து கிடக்கிறோம். பந்தின் கிடையை இந்த எறியப்பட்ட நிலைக்கு உவமையாக்கும் ஆசை எழுவது இயல்பு. ஆனால் உவமை பாதிதான் பொருந்துகிறது. இங்கே பந்தை எறிந்தவன் ஆட்டக்காரனேதான். தன் கையால் அடித்தது, தான் தேர்ந்த திசை, பிறகு காற்று, பிறகு திட்டு. கிடை என்பது பாதி இவன் செய்தது, பாதி நிலம் செய்தது. எந்தப் புள்ளியில் ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று பிரிக்க வழியில்லை. நம் மரபு வினை என்றும் ஊழ் என்றும் இரண்டு சொல் வைத்திருந்தும் இரண்டையும் ஒட்டி ஊழ்வினை என்று ஒரே சொல்லாகவும் ஆக்கிக்கொண்டது. வள்ளுவர் அறத்துப்பாலை ஊழ் அதிகாரத்தோடு முடித்துவிட்டுப் பொருட்பாலில் ஆள்வினையுடைமைக்குத் தனி அதிகாரம் வைக்கிறார். இதை முரண்பாடு என்று பண்டிதர்கள் சங்கடப்படுவதுண்டு. மணற்பள்ளத்தில் நிற்கிறவனுக்கு இதில் முரண்பாடு தெரியாது. பந்து இங்கே கிடக்கிறது என்பது ஒன்று. இதை எப்படி வெளியே எடுப்பது என்பது இன்னொன்று. முதலாவதைப் பற்றிப் புலம்புகிற நேரம் இரண்டாவதிலிருந்து கழியும்.

கோலி ஆடிய எவருக்கும் இது தெரியும். குழி, குண்டு, விரல் என்று கோலி ஏறத்தாழ கோல்ஃப்தான். குண்டுக்கு முன்னால் கிடக்கும் மண்ணைத் துடைக்கலாமா கூடாதா என்பதில்தான் பாதிச் சண்டை வரும். வித்தியாசம் ஒன்று. கோலியில் எதிராளி பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்து குண்டையே பார்த்துக்கொண்டிருப்பான். கோல்ஃபில் உன் பந்து புதரோரம் கிடக்கும்போது நீ தனியாக நிற்கிறாய். எதிராளி நூறு கஜத்துக்கு அப்பால் தன் பந்தைத் தேடிக்கொண்டிருக்கிறான். காலால் லேசாகத் தட்டிவிட்டால் போதும்.

தார்மீகக் கண்டுபிடிப்பு என்று முன்பு சொன்னது இந்த இடத்தைத்தான். 1925-ல் அமெரிக்க ஓபன் போட்டியில் இதே பாபி ஜோன்ஸ் உயர்ந்த புல்லில் கிடந்த பந்துக்கு அருகே மட்டையை வைத்தபோது பந்து அசைந்துவிட்டதாகத் தாமே சொல்லித் தமக்கு ஓர் அடி தண்டம் விதித்துக்கொண்டார். வேறு யாரும் பார்க்கவில்லை. கடைசியில் வில்லி மக்ஃபர்லேனோடு சமநிலையில் முடிந்து, மறு ஆட்டத்தில் தோற்றார். அந்த ஓர் அடி இல்லாவிட்டால் பட்டம் அவருடையது. பாராட்டியவர்களிடம், வங்கியைக் கொள்ளையடிக்கவில்லை என்பதற்காக ஒருவனைப் பாராட்டுவீர்களா என்ற பொருளில் அவர் பதில் சொன்னதாகச் சொல்லப்படுகிறது.

வங்கியில் குமாஸ்தாவாக இருக்கிறவனுக்கு இந்தப் பதில் இன்னும் ருசிக்கிறது. எங்கள் தொழிலின் கட்டுமானமே இதற்கு நேர் எதிரான நம்பிக்கையின்மேல் எழுந்தது. பெட்டகத்துக்கு இரண்டு சாவி, இரண்டும் இரண்டு பேரிடம். ஒருவன் எழுதியதை இன்னொருவன் சரிபார்த்துச் சுழிக்க வேண்டும். மாலையில் பணம் குறைந்தால் காசாளர் கைப்பணம். மிகுந்தால் தனிக் கணக்கு. இப்போது தலைக்குமேல் காமிரா வேறு. தனியாக விடப்பட்ட மனிதன் எடுத்துவிடுவான் என்பதே அடிப்படை அனுமானம். இந்த அனுமானம் தவறென்று வாதாட மாட்டேன். ஆனால் இதற்குள் இருபது வருஷம் கழித்த ஒருவன் தன்னைப் பற்றி என்ன அறிந்துகொள்ள முடியும்? திருடவில்லை என்று தெரியும். திருட மாட்டான் என்று தெரியாது. கோல்ஃப் விதி இந்த இரண்டாவது அறிவுக்கு ஒரு சின்ன இடம் ஒதுக்குகிறது.

எழுதுகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். இருநூறு பேர் வாசிக்கும் பத்திரிகையில் நடுவர் இல்லை. ஒரு கவிதையில் தன் அனுபவம் கிடந்த இடத்தை நாலு அங்குலம் தள்ளிவைத்து, இன்னும் நல்ல கோணத்திலிருந்து அடித்தவன் யார் என்பது எழுதியவனுக்கு மட்டுமே தெரியும். துக்கத்தைக் கொஞ்சம் பெருக்கியிருப்பான், கோபத்துக்குக் கொஞ்சம் கௌரவம் கொடுத்திருப்பான். விமர்சகன் கண்டுபிடிப்பது அபூர்வம். விமர்சகனே தள்ளிவைக்கிறவன் என்பதும் தெரிந்ததுதான்.

இனி மோசடிக்கு வருகிறேன்.

தேவனாம்பட்டினத்தில் இருந்த கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனி 1690-ல் மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கிச் செயின்ட் டேவிட் என்று பெயரிட்டது. அப்போது சென்னைக் கவர்னர் எலிஹு யேல், பின்னால் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றுக்குப் பெயரானவர். கோட்டையோடு சேர்த்து, கோட்டையிலிருந்து சுடும் பீரங்கிக் குண்டு விழும் தூரம் வரைக்குமான நிலமும் கம்பெனிக்கு என்பது ஒப்பந்தம். எவ்வளவு மருந்து இடுவது, எந்தக் கோணத்தில் சுடுவது என்பது பீரங்கிக்காரனின் சாமர்த்தியத்துக்கு விடப்பட்டது. திசைக்குத் திசை சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்கு உட்பட்ட ஊர்களெல்லாம் குண்டு கிராமங்கள் ஆயின. 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்துத் தரைமட்டமாக்கினார். குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயரும் குண்டு சாலை என்ற தெருப்பெயரும் இன்னும் இருக்கின்றன. அந்தச் சாலையில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்கு அது என்ன குண்டு என்ற யோசனை வருவதில்லை.

இதையும் கோல்ஃப் என்று சொல்ல முடியுமா? அடித்தார்கள், பறந்தது, விழுந்தது, விழுந்த இடத்தை மதித்தார்கள். ஆட்டக்காரன் பந்து விழுந்த இடத்துக்கு நடந்துபோய் அந்த இடத்தின் நிபந்தனைக்குத் தன்னை உட்படுத்துகிறான். கம்பெனியின் குண்டு விழுந்ததும் அந்த இடம் குண்டை அனுப்பியவனுக்கு உட்பட்டுவிட்டது. அன்று உப்பலவாடியில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தவனுக்கு இந்தக் காரியத்தில் என்ன ஸ்தானம்? அவன் சுடவில்லை. எந்த விதிக்கும் ஒப்புக்கொள்ளவில்லை. எறியப்பட்டவன்கூட இல்லை, இருந்த இடத்திலேயே இருந்தான். அவன் அந்த ஆட்டத்தின் நிலம். கிடந்த இடத்திலிருந்தே ஆடு என்ற உபதேசத்தை அவனிடம் போய்ச் சொல்கிறவன், ஆட்டக்காரனுடைய தர்மத்தை நிலத்தின்மேல் ஏற்றுகிறான். மோசடி இங்கே இருக்கிறது. முறையிடாமை ஒரு பண்பு என்றால், அது முறையிட வாய்ப்பிருந்தும் முறையிடாதவனுடைய பண்பு. மாலையில் மட்டைகளைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போக முடிகிறவனுக்கே அது கைவரும். அந்தப் பையைச் சுமந்து பதினெட்டுக் குழிக்கும் கூடவே நடந்தவன் அன்றைய காற்றைப் பற்றி என்ன நினைத்தான் என்று வோட்ஹவுஸ் எழுதியதில்லை.

ஆகவே ஒருவன் கிடையைப் பொறுத்துக்கொள்கிறானா என்று கேட்பதற்கு முன்னால் நிலம் யாருடையது என்று கேட்டாக வேண்டும். செயின்ட் ஆண்ட்ரூஸில் அந்த விதி கௌரவமாக இருப்பதற்குக் காரணம் ஞாயிற்றுக்கிழமைதான் என்பது என் கட்சி. காற்று எல்லாருக்கும் ஒன்று என்று சொல்ல, நிலமும் எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். இதே ஸ்காட்லாந்தில், அபர்டீனுக்கு வடக்கே மெனி என்ற இடத்தில், நகரும் மணல்மேடுகளுக்காகவே பாதுகாக்கப்பட்ட கடற்கரையில் டொனால்ட் டிரம்ப்பின் ஆட்டவெளி 2012-ல் திறக்கப்பட்டது. மணல் நகர்ந்தால் ஆட்டம் நடக்காது. மாரம் புல்லை நட்டு மேடுகளை நிறுத்தினார்கள். விசேஷ இயற்கைப் பகுதி என்று இனிச் சொல்ல அங்கே போதுமான அளவு ஏதும் மிஞ்சவில்லை என்று 2020-ல் அந்த அந்தஸ்தை எடுத்துவிட்டார்கள். பந்தைக் கிடந்த இடத்திலேயே ஆடுவார்கள்; நிலம் கிடந்தபடி கிடக்க விடமாட்டார்கள்.

கொழும்பில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் காலிமுகத் திடலில்தான் வெள்ளையர்கள் கோல்ஃப் ஆடினார்கள். கடலோரம், காற்று, எல்லாம் ஸ்காட்லாந்து மாதிரி. 1896-ல் கிளப் பொரளைப் பக்கம் போய்விட்டது. திடல் பட்டம் விடுகிறவர்களுக்கும் மாலை உலாவுக்கும் வந்துசேர்ந்தது. 2022-ல் ஒரு ஜனாதிபதியைப் பதவியை விட்டு ஓடவைத்த கூட்டம் அங்கேதான் கூடாரமடித்தது. சென்னையில் ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப், கிண்டிக் குதிரைப்பந்தய வட்டத்துக்குள் நடந்துவந்தது. பந்தயக் கிளப்பின் குத்தகையை அரசு 2024 செப்டம்பரில் ரத்து செய்தபோதுதான், அவ்வளவு பெரிய வெளி ஒன்று மதிலுக்குள் இருக்கிறது என்பது நகரத்தில் பலருக்குத் தெரிந்தது.

2004 டிசம்பர் 26 காலை எங்கள் மணல்வெளிமேல் கடல் ஏறியது. தேவனாம்பட்டினம், சோனங்குப்பம், சாமியார்பேட்டை, கிள்ளைக்கு அப்பால் எம்.ஜி.ஆர். திட்டு என்று வரிசையாகக் குப்பங்கள் அழிந்தன. பிச்சாவரத்தில் அலையாத்திக் காடு மறைத்த ஊர்கள் குறைந்த சேதத்தோடு தப்பின. நிலத்தின் மேடுபள்ளம்தான் யார் சாவது என்று தீர்மானித்தது. அந்த நாட்களில் வெளியூரிலிருந்து வந்தவர்கள் சிலர் இதை ஏற்றுக்கொள்ளப் பழக வேண்டும் என்று மேடை போட்டுப் பேசினார்கள். குப்பத்துக்காரர்களுக்கு ஏற்றுக்கொள்வதைப் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. காற்றையும் நீரோட்டத்தையும் ஏற்றுக்கொள்ளாமல் ஒருநாள்கூட வலை இறங்காது. அது அவர்கள் ஒப்புக்கொண்ட ஆட்டம்.

ஆனால் 2005 மார்ச்சில் வந்த அரசாணை வேறு விஷயம். ஓத எல்லையிலிருந்து 200 மீட்டருக்குள் இருப்பவர்கள் உள்ளே நகர்ந்தால் புது வீடு. நகர மனமில்லாதவர்கள் இருக்கலாம், உதவி கிடையாது. நகர்ந்தால் கடலோரத்துப் பழைய மனை அரசாங்கத்துக்கு. மீண்டும் ஒரு தூரம், மீண்டும் ஓர் எல்லை, அளந்தவர்கள் மீண்டும் வேறு யாரோ. உயிரைக் காப்பாற்ற நினைத்த ஏற்பாட்டைப் பீரங்கியோடு ஒப்பிடுவது நியாயமா என்று கேட்கலாம். நோக்கம் வேறுதான். நிலத்தில் நின்றவனைக் கேட்காமல் கோடு போட்டதில் வேறில்லை. பல குடும்பங்கள் சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே போயின. படகும் வலையும் மணலிலேயே இருந்தன. விடியுமுன் அவர்கள் அங்கிருந்து சைக்கிளிலும் நடந்தும் கடலுக்கு வருகிறார்கள். படகை எங்கே விட்டார்களோ அங்கிருந்து தள்ளுகிறார்கள்.